குறுக்கெழுத்திலிருந்து ரம்மி வரை: பரிசுப் போட்டிகளும் அரசின் கடிவாளமும்

‘அழுகிற பிள்ளையையும் அடக்கிவிடும்’ என்று ஒரு குறிப்பு. அதற்கு நேரே மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் ‘ப’, மூன்றாவதில் ‘ம்’. நடுக்கட்டம் காலி. பழம் என்று எழுதலாம். படம் என்றாலும் தப்பில்லை. பயம் என்பவரோடு வாதாட முடியாது. கையில் காசைக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் அடங்கும் என்று நினைப்பவர் பணம் என்று நிரப்புவார். நான்குமே பொருந்துகின்றன. ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்த விடையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

இது விளக்கத்துக்காக இங்கே அமைத்த குறிப்பு. என்றாலும் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் லண்டன் முதல் பெங்களூர் வரை பத்திரிகைகளைக் கொழிக்கவைத்த பரிசுக் குறுக்கெழுத்து இப்படித்தான் இயங்கியது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு போட்டியில் பத்துக் குறிப்புகளுக்கு இரண்டிரண்டு விடை பொருந்துமானால், மொத்த விடைத்தாளை 1,024 விதமாக நிரப்பலாம். ஒரு விடைத்தாளுக்கு நாலணா கட்டணம் என்று வைத்தால், எல்லா விதத்தையும் எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்க 256 ரூபாய் வேண்டும். நம் ‘ப–ம்’ போல நாலு நாலு விடை பொருந்தினால் எண்ணிக்கை 10,48,576 ஆகிவிடும். அகராதியைக் கரைத்துக் குடித்தவனுக்கும் அகராதியே பார்க்காதவனுக்கும் அந்த நடுக்கட்டத்தில் வித்தியாசம் ஏதும் இல்லை.

சரியான விடையைக் கண்டுபிடிப்பதற்குப் பரிசா, ஆசிரியர் மனசில் இருப்பதை ஊகிப்பதற்குப் பரிசா என்ற இந்தக் கேள்வியை அரசுகளும் நீதிமன்றங்களும் நூற்று முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1881-இல் ஜார்ஜ் நியூன்ஸ் தொடங்கிய ‘டிட்-பிட்ஸ்’ வார இதழ், பரிசைக் காட்டி வாசகரைப் பிடிக்கும் கலையில் முன்னோடி. 1883-இல் ஒரு வீட்டையே பரிசாக அறிவித்தது. அதே இதழ் நடத்திய இன்னொரு போட்டியில் பரிசு, பத்திரிகை அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. அதை வென்ற இளைஞர் ஆர்தர் பியர்சன். குமாஸ்தாவாக உள்ளே நுழைந்தவர் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1890-இல் ‘பியர்சன்ஸ் வீக்லி’ என்ற சொந்த இதழைத் தொடங்கினார்; பின்னாளில் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழும் அவர் தொடங்கியதுதான். இதற்கிடையில் ஆல்ஃப்ரெட் ஹார்ம்ஸ்வொர்த் தன் ‘ஆன்சர்ஸ்’ இதழில் 1889-இல் ஒரு வலை விரித்தார். குறிப்பிட்ட நாளில் இங்கிலாந்து வங்கியில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று சொல்ல வேண்டும்; சரியாகச் சொல்பவருக்கு ஆயுள் முழுக்க வாரம் ஒரு பவுண்டு. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலட்டைகள் வந்து குவிந்தன.

பியர்சன் கண்டுபிடித்தது இன்னும் எளிது. ஒரு பத்தியை அச்சிட்டு அதில் ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடுவார். விடுபட்ட சொல்லை எழுதி, கூடவே ஒரு ஷில்லிங்கும் அனுப்ப வேண்டும். வந்த ஷில்லிங்குகள் அத்தனையும் சரியாக எழுதியவர்களுக்குள் பங்கு பிரியும். பத்திரிகை அதில் ஒரு காசும் எடுக்கவில்லை; அதற்கு விற்பனை போதும். ஆனால் 1893-இல் ‘பார்க்ளே எதிர் பியர்சன்’ வழக்கில் ஆங்கிலேய நீதிமன்றம் இது லாட்டரியே என்று சொல்லிவிட்டது. விடுபட்ட சொல் பத்தியின் பொருளுக்கு மிகச் சிறந்த சொல்லாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை; பொருந்தும் பல சொற்களில் பத்திரிகை ஏதோ ஒன்றை எடுத்து வைத்திருக்கிறது; அதைத் தொடுபவர் அதிர்ஷ்டத்தால்தான் தொடுகிறார். தீர்ப்பின் சாரம் இதுதான்.

குறுக்கெழுத்துக் கட்டம் பிறந்தது அதற்குப் பிறகு. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் ‘வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் அமைத்த புதிர்தான் முதலாவது என்பார்கள். பொழுதுபோக்காக வந்ததைப் பத்திரிகைகள் காசு போட்டு விளையாடும் களமாக்க வெகுநாள் ஆகவில்லை. 1936-இல் ‘கோல்ஸ் எதிர் ஓதம்ஸ் பிரஸ்’ வழக்கில் தலைமை நீதிபதி ஹெவர்ட், இத்தகைய குறுக்கெழுத்தில் பங்குபெறுவது மறைத்துவைத்த இலக்கை நோக்கிக் குருட்டாம்போக்கில் சுடுவது என்ற கருத்தில் தீர்ப்பெழுதினார். இருபது வருஷம் கழித்து அந்தத் தீர்ப்பு டில்லியில் எடுத்துக்காட்டப்படும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இந்தியாவிலும் அந்தக் காய்ச்சல் பரவியது. தமிழில் அதைப் பெரிய அளவில் கையாண்டவர் எஸ்.எஸ். வாசன். 1928-இல் ‘ஆனந்த விகட’னை வாங்கிய அவர், 1930-களில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தி இதழின் விற்பனையைத் தூக்கி நிறுத்தினார். நகைச்சுவையும் தொடர்கதையும் கல்கியின் எழுத்தும் விகடனை வளர்த்தன என்பது எல்லாரும் சொல்லும் வரலாறு. கட்டங்களை நிரப்பிவிட்டு அடுத்த இதழுக்குக் காத்திருந்த கூட்டத்தையும் அதோடு சேர்க்காவிட்டால் அது பாதி வரலாறுதான். ஆங்கிலத்தில் பம்பாயின் ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’ நடத்திய ‘காமன்சென்ஸ் கிராஸ்வேர்ட்’ ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வாராந்தரக் கடமையாகவே இருந்தது.

அரசு இதை எப்படிப் பார்த்தது? முதலில் வருமானமாகப் பார்த்தது. பம்பாய் மாகாணம் 1948-இல் லாட்டரிகளையும் பரிசுப் போட்டிகளையும் கட்டுப்படுத்தி வரி விதிக்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. உரிமம் வாங்கு, வரி கட்டு, நடத்து. இதில் ஒரு ஓட்டை இருந்தது. மாகாணத்துக்கு வெளியே அச்சாகும் பத்திரிகைகளின் போட்டிகளுக்கு அந்தச் சட்டம் விலக்குக் கொடுத்திருந்தது. எல்லைக்கு அப்பால் அச்சகம் வைத்தால் பம்பாய்க்காரர் காசைப் பம்பாய் வரியில்லாமலே வாங்கலாம்.

பெங்களூரில் அச்சாகிவந்த ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்ற வார இதழ் அப்படித்தான் செய்தது. ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா என்பவருடைய இதழ். அதன் பரிசுக் குறுக்கெழுத்துகள் ‘ஆர்.எம்.டி.சி.’ என்ற நான்கெழுத்தில் நாடெங்கும் பெயர்பெற்றவை. மைசூர் அரசின் உரிமம் அதற்கு இருந்தது. வாசகர்களோ பம்பாயிலும் ஏராளம். அங்கே கட்டணமும் விடைத்தாளும் வாங்க வசூல் நிலையங்களே நடந்தன. 1952-இல் பம்பாய் அரசு விலக்கை நீக்கியது. வெளியூர்ப் பத்திரிகையானாலும் பம்பாயிலிருந்து போகும் விடைத்தாள்களுக்கு வரி கட்ட வேண்டும் என்றது. சமர்பாக்வாலா வழக்குப் போட்டார். ஒரு மாநிலத்தில் இருப்பவனிடம் இன்னொரு மாநிலம் எப்படி வரி கேட்கலாம் என்பது ஒரு வாதம். வியாபாரம் செய்யும் அடிப்படை உரிமையும், மாநிலங்களுக்கு இடையே தடையற்ற வணிகமும் அரசியலமைப்பு தந்தவை ஆயிற்றே என்பது மற்றொன்று. பம்பாய் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது.

வழக்கு உச்சநீதிமன்றத்தில் இருக்கும்போதே மத்திய அரசு உள்ளே வந்தது. பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 34-ஆம் இனம். நாடாளுமன்றம் தானாக அதில் கைவைக்க முடியாது. ஆகவே சென்னை, பம்பாய், ஆந்திரம், ஐதராபாத், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டு, எங்களுக்காக நீங்கள் சட்டம் இயற்றுங்கள் என்று 252-ஆவது பிரிவின்படி கேட்டுக்கொண்டன. அப்படிப் பிறந்தது 1955-ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம். 1956 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பிற்காலத்துச் சட்டங்கள் பலவற்றைவிட இது புத்திசாலித்தனமானது. குறுக்கெழுத்து, விடுபட்ட சொல், படப் போட்டி என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. எழுத்தையோ சொல்லையோ எண்ணையோ அடுக்கி, சேர்த்து, மாற்றி விடுவிக்கும் புதிருக்குப் பரிசு கொடுத்தால் அது பரிசுப் போட்டி. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. ஒரு போட்டிக்கு 2,000 விடைத்தாள்களுக்கு மேல் வாங்கக்கூடாது. அந்த வரம்புக்குள் நடத்துவதற்கும் உரிமம் வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போட்டி வெளியான பத்திரிகைப் பிரதிகளை அரசு பறிமுதல் செய்யவும் வழி இருந்தது.

கவனிக்க வேண்டியது அந்த 2,000 என்ற எண். சட்டம் எழுதியவருக்குத் தொழிலின் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. பரிசுத் தொகைக்கு மட்டும் வரம்பு வைத்தால் போட்டி நடத்துபவர் பரிசைக் குறைத்துக்கொண்டு லட்சக்கணக்கான விடைத்தாள்களை வாங்கிக் குவிப்பார். வரும் தாள்களுக்கே வரம்பு வைத்துவிட்டால் லாபத்தின் ஊற்றுக்கண் அடைபடுகிறது. அன்றைய விலையில் ஆயிரம் ரூபாய்க்கு ஏறத்தாழப் பதினைந்து பவுன் வாங்கலாம். ஆக, ஊர் மன்றமோ சிறு பத்திரிகையோ நடத்தும் போட்டிக்கு அது கஞ்சத்தனமான வரம்பும் அல்ல. நாடு தழுவிய சூதாட்டமாக அதைக் கொண்டுபோக மட்டும் வழியில்லை. மூளைக்கு வேலை உண்டா, அதிர்ஷ்டமா என்று சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. பணம் எவ்வளவு புரள்கிறது என்று மட்டும் கேட்டது.

சமர்பாக்வாலா இந்தச் சட்டத்தையும் எதிர்த்தார். 1957 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் இரண்டு வழக்கிலும் தீர்ப்புச் சொன்னது. பம்பாய் வழக்கின் தீர்ப்பைத் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதினார். ரிக் வேதத்தின் சூதாடியின் புலம்பல், மகாபாரதத்தின் பகடை, மனு, யாக்ஞவல்கியர், கௌடில்யர் என்று அவர் ஒரு பெரிய உலா வந்தார். இவ்வளவு காலமாகக் கண்டிக்கப்பட்டுவந்த ஒன்றை வணிகம் என்றோ தொழில் என்றோ அரசியலமைப்பு பாதுகாக்க நினைத்திருக்க முடியாது. சூதாட்டம் வணிகமே அல்ல. ஆகவே அதற்கு அடிப்படை உரிமை என்ற கேடயமும் இல்லை என்று முடித்தார். திருக்குறளின் 94-ஆம் அதிகாரம் அந்தப் பட்டியலில் இடம்பெறாதது தமிழ் வாசகனுக்கு ஒரு சின்னக் குறை. பெங்களூர்ப் பத்திரிகைக்குப் பம்பாய் வரி போடலாமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொன்ன விதம் இன்றைக்கும் செல்லும்: பத்திரிகை எங்கே அச்சாகிறது என்பதல்ல கணக்கு, அழைப்பு எங்கே விரிக்கப்படுகிறது, காசு எங்கே வசூலாகிறது என்பதுதான். தகுந்த தொடர்பு இருக்கிறது, வரி செல்லும்.

மத்தியச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். சென்னைக்காரர்களுக்கு அவரை வேறொரு மேடையிலும் தெரியும். அம்பி தீட்சிதரிடம் தீட்சிதர் கிருதிகளைக் கற்று, டி.கே. பட்டம்மாளுக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்தவர், சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற நீதிபதி. அவர் முன்னால் வைக்கப்பட்ட சிக்கல் நுட்பமானது. சட்டத்தின் வாசகம் திறமைப் போட்டியையும் சூதாட்டப் போட்டியையும் பிரித்துப் பேசவில்லை. திறமைப் போட்டி நடத்துவது நியாயமான தொழில். அதற்கும் ஆயிரம் ரூபாய் வரம்பு வைப்பது அத்துமீறல் அல்லவா, அந்த ஒரு காரணத்தால் சட்டம் முழுவதும் விழாதா என்று கேட்டார்கள். அவர் சட்டத்தைக் காப்பாற்றினார். எந்தத் தீமையைத் தடுக்க இந்தச் சட்டம் வந்தது என்று பார்த்தால், திறமை கணிசமாகத் தேவைப்படாத சூதாட்டப் போட்டிகளை மட்டுமே அது குறிக்கிறது என்று பொருள் கொள்ள வேண்டும்; அப்படி இல்லை என்றாலும் இரண்டையும் தனியே பிரித்துச் சூதாட்டத்துக்கு மட்டும் சட்டத்தைச் செலுத்தலாம் என்றார்.

சட்டம் பிழைத்தது. பத்திரிகைகளில் பெரும்பணப் போட்டிகள் ஓய்ந்தன. பேனா, கைக்கடிகாரம், சிறுதொகை என்று பரிசுகள் சுருங்கின. ஆனால் அந்தத் தீர்ப்பின் இன்னொரு விளைவு மெல்லத்தான் தெரிந்தது. பணத்தை அளந்த ஒரு சட்டத்துக்குள் ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்ற தராசை நீதிமன்றம் வைத்துவிட்டது. திறமை என்று நிரூபித்துவிட்டால் எவ்வளவு பணம் புரண்டாலும் அது தொழில். அடிப்படை உரிமை அதற்குக் காவல். அடுத்த அறுபது ஆண்டுகளின் வழக்குகள் எல்லாம் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் வந்தன.

1968-இல் ஆந்திர அரசு எதிர் சத்யநாராயணா வழக்கு. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியதைப் பற்றியது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றது உச்சநீதிமன்றம். கிளப்பு மேசையில் நாலு பேர் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தைப் பற்றிய கருத்து அது. 1996-இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் கிண்டி குதிரைப் பந்தயமும் திறமைப் பட்டியலில் ஏறியது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் அனுபவம் எல்லாம் தெரிந்து பணம் கட்டுபவன் சூதாடவில்லை என்பது வாதம். 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு போட்ட சட்டம் அத்தோடு பயனற்றுப்போனது.

இன்னொரு பக்கம், அதிர்ஷ்டம் மட்டுமே உள்ள ஆட்டத்தை அரசே கையில் எடுத்துக்கொண்டது. கேரளம் 1967-இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. மறு ஆண்டில் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு பரிசுச்சீட்டு வந்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கத்தை மூத்த தலைமுறை இன்னும் மறக்கவில்லை. தனியார் லாட்டரி அலுவலகம் நடத்துவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே தண்டனைச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. அரசு நடத்தினால் மட்டும் அது நாட்டுத் தொண்டு. உச்சநீதிமன்றம் 1999-இல் பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் இந்தப் பாசாங்கைக் கொஞ்சம் கலைத்தது. அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்றது. தன் சொந்த லாட்டரியையும் நடத்தாத மாநிலம்தான் பிற மாநில லாட்டரிச் சீட்டை எல்லைக்குள் தடுக்கலாம் என்றும் சொன்னது. பக்கத்து மாநிலச் சீட்டைத் தடுக்க வேண்டுமானால் முதலில் தன் கடையை மூட வேண்டும். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் சேர்த்தே தடை செய்தது.

தடைக்குப் பிறகு நடந்ததும் இதில் சேர்த்தி. வாளையாரைத் தாண்டியும் புளியரையைத் தாண்டியும் போய்க் கேரளச் சீட்டு வாங்கி வருவது ஒரு வழக்கமாயிற்று. அதைவிட மோசமானது ‘மூணு நம்பர் லாட்டரி’. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்து, துண்டுக் காகிதத்திலும் பிறகு வாட்ஸ்அப்பிலும் நடக்கும் ஆட்டம். சீட்டு இல்லை, அச்சகம் இல்லை, முகவரி இல்லை. பறிமுதல் செய்ய எதுவும் இல்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே இந்தக் கடனில் மாண்டபோதுதான் அது எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று வெளியே தெரிந்தது. பிற மாநில லாட்டரி வியாபாரமோ சட்டப்படியே செழித்தது. 2024-இல் தேர்தல் பத்திர விவரங்கள் வெளியானபோது, 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கி முதலிடத்தில் நின்றது கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம்.

பத்திரிகையின் இடத்தைத் தொலைக்காட்சி பிடித்தபோது பழைய போட்டி புது உடையில் வந்தது. 2007-இல் ‘கோன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியோடு நேயர்களுக்கும் ஒரு போட்டி நடந்தது. நான்கு விடை கொடுத்து ஒரு கேள்வி, எஸ்.எம்.எஸ். அனுப்ப 2 ரூபாய் 40 காசு. சரியாகச் சொன்னவர்களில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து 2 லட்சம். நுழைவுக் கட்டணம் இல்லை என்றுதான் விளம்பரம். தேசிய நுகர்வோர் ஆணையம் கணக்குப் பார்த்தது. 5.8 கோடி எஸ்.எம்.எஸ்., 13.92 கோடி ரூபாய் வசூல், மொத்தப் பரிசு ஒரு கோடியைச் சற்றே தாண்டியது. 2008-இல் ஒரு கோடி ரூபாய் தண்டம் விதித்தது. பரிசுப் பணம் அந்த வசூலிலிருந்துதான் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2019-இல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பியர்சன் ஷில்லிங்குகளை ஒளிக்காமல் மேசைமேல் கொட்டி எண்ணினார். இவர்கள் அதைத் தொலைபேசிக் கட்டணத்துக்குள் வைத்தார்கள். சட்டம் வைத்திருந்த கருவிக்கு அந்த வித்தியாசமே போதுமானதாக இருந்தது.

பிறகு கைப்பேசி வந்தது. கிளப் மேசையின் நாலு பேருக்குப் பதிலாக முகம் தெரியாத லட்சம் பேர். சீட்டைக் கலைப்பது மென்பொருள். ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனத்துக்குக் கமிஷன். 1968-இன் தீர்ப்பை முகப்பில் மாட்டிக்கொண்டு, இது திறமை ஆட்டம் என்று நடிகர்களை வைத்து விளம்பரம் செய்தார்கள். கடனாளிகளின் தற்கொலைச் செய்திகள் தமிழ் நாளிதழ்களில் வாரந்தோறும் வரத்தொடங்கின. சில நாள் அதே நாளிதழில் ரம்மி விளம்பரமும் வந்தது.

2020 நவம்பரில் இந்த ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டது, மறு ஆண்டு அது சட்டமானது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம் 1957-இன் அதே தராசு: திறமை ஆட்டங்களை ஒட்டுமொத்தமாகத் தடுப்பது அளவுக்கு மீறியது. அடுத்து வந்த அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் பல மாதம் வைத்திருந்துவிட்டு 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றிய பிறகு ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று அட்டவணையில் சேர்த்ததை மட்டும் செல்லாதாக்கியது. அதாவது, தடை விதிக்க நினைத்த இரண்டு ஆட்டங்களைத் தவிர மற்றெல்லாம் செல்லும்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு வேறு வழி பிடித்தது. திறமையா அதிர்ஷ்டமா என்று மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டு, 2025 பிப்ரவரியில் ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிமுறைகளை வெளியிட்டது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை காசு ஆட்டம் கூடாது. ஆடுபவர் ஆதார் வழியே வயதையும் ஆளையும் உறுதிசெய்ய வேண்டும். செலவுக்கு வரம்பு வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் உயர்நீதிமன்றம் இதை ஏற்றது. மக்களின் உடல்நலத்தைக் காக்க அரசு இப்படிச் செய்யலாம் என்றது. எழுபது ஆண்டுக்கு முன் பரிசுப் போட்டிகள் சட்டம் ஆயிரம் ரூபாயும் இரண்டாயிரம் விடைத்தாளும் என்று எழுதியபோது இருந்த பார்வை இதுதான். ஆட்டத்தின் குணத்தை ஆராயாமல் அதன் அளவைக் கட்டுவது. நடுவில் அறுபது ஆண்டு காலம் நீதிமன்றங்கள் சீட்டை நினைவில் வைக்க எவ்வளவு மூளை வேண்டும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தது வீண் என்று சொல்ல முடியாது. செஸ்ஸையும் பகடையையும் பிரிக்க அந்தக் கேள்வி உதவும். ஆனால் கடனில் மூழ்குபவனுக்கு, தான் தோற்றது திறமைக் குறைவாலா அதிர்ஷ்டக் குறைவாலா என்பதில் என்ன இருக்கிறது?

சட்ட ஆணையமும் இந்தப் பக்கம் ஏற்கெனவே வந்திருந்தது. 2018 ஜூலையில் வெளியான 276-ஆவது அறிக்கையில், தடுக்க முடியாவிட்டால் முறைப்படுத்துங்கள் என்றது. பணம் கட்டுவதற்கு வரம்பு, ஆள் அடையாளம், மின்னணுப் பரிமாற்றம் மட்டும் என்று சில நிபந்தனைகளையும் சொன்னது. அது அலமாரியில் இருந்தது.

நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது வேறு. 2025 ஆகஸ்டில் இரண்டே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், காசு கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் இரண்டும் கலந்ததானாலும், ஒரே கோட்டில் நிறுத்தித் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு, 50 லட்சம். இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த ட்ரீம்11 சில நாட்களுக்குள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 1955-இல் மத்திய அரசு மாநிலங்களின் தீர்மானம் வாங்கிக்கொண்டு சட்டம் இயற்றியது. 2025-இல் அப்படி யாரையும் கேட்கவில்லை. மாநிலப் பட்டியலில் 34-ஆம் இனம் இருக்கும்போது இது செல்லுமா என்பதும், திறமை ஆட்டத்துக்கு 1957 தந்த பாதுகாப்பு என்ன ஆகும் என்பதும் பல உயர்நீதிமன்றங்களில் வழக்காகி, அந்த ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. நாடு முழுக்கக் காசு ஆட்டமே கூடாது என்றான பிறகு, நள்ளிரவுக்குப் பின் ஆடக்கூடாது என்ற தமிழ்நாட்டின் விதிக்கு இப்போது வேலையில்லை.

வெளிநாட்டிலிருந்து நடக்கும் பந்தயத் தளங்களுக்கோ இந்தத் தடைகளால் பெரிய தொந்தரவு இல்லை. செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் 2022 ஜூனில் பத்திரிகைகளையும் தொலைக்காட்சிகளையும் பந்தய விளம்பரங்களைத் தவிர்க்கச் சொன்னது. அக்டோபரில் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. அதற்குள் அந்தத் தளங்கள் தங்கள் பெயரிலேயே செய்தித் தளங்களைத் தொடங்கி, அவற்றுக்கு விளம்பரம் செய்வதுபோல் தங்களுக்குச் செய்துகொண்டிருந்தன. 2023 ஏப்ரலில் நாளிதழ்கள் உள்பட எல்லா ஊடகங்களுக்கும் இன்னொரு அறிவுரை போனது. பெங்களூரில் அச்சான ‘ஸ்போர்ட்டிங் ஸ்டா’ரைப் பம்பாய் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், பம்பாய்த் தெருக்களில் அதற்கு வசூல் நிலையங்கள் இருந்தன. இவற்றுக்கு அதுவும் இல்லை, யு.பி.ஐ. எண் ஒன்று, அதுவும் வாரத்துக்கு ஒன்றாக மாறும் யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கோடு இணைந்தது.